நெஞ்சில் பாய்ந்த குண்டு தொடைக்குப் போகுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: காட்டுப்பன்றி விரட்டப் போன இடத்தில் நாட்டுத் துப்பாக்கி வெடித்து, உங்கள் சித்தப்பாவின் நெஞ்சிலும் மேல்வயிற்றிலும் பால்ரஸ் என்னும் எஃகு உருண்டைக் குண்டுகள் பாய்ந்தன. அன்றிரவே நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் இடது தொடையைத் திறந்து ஒரு குண்டை எடுத்தார்கள். இன்னொன்று நுரையீரலில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம் என்கிறார்கள். நெஞ்சில் பட்டது தொடைக்கு எப்படிப் போகும், ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை விட்டுவைப்பது என்ன நியாயம் என்று கேட்கிறீர்கள். நீங்கள் எழுதாமல் விட்ட மூன்றாவது கேள்வி ஒன்றும் அதில் இருக்கிறது: ஆஸ்பத்திரியில் ஏதோ தவறு செய்துவிட்டு நம்மிடம் கதை விடுகிறார்களோ?

ரத்தக்குழாய் அறுவை மருத்துவத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் சித்தப்பாவின் படங்களை நான் பார்க்கவில்லை, ஆகவே அவருக்கு நடந்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் முதல் கேள்விக்கு ஐயமில்லாமல் பதில் சொல்லலாம். போகும். அபூர்வம்தான், ஆனால் மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். ரத்தக்கட்டி ஒன்று குழாய் வழியே ஓடிப்போய் வேறொரு இடத்தில் அடைப்பதை எம்போலிசம் என்கிறோம் இல்லையா, அதே வேலையைக் கட்டிக்குப் பதிலாகக் குண்டு செய்கிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குண்டு ரத்தக்குழாயின் முன்சுவரைத் துளைக்க வேண்டும், பின்சுவரைத் துளைக்கும் அளவுக்கு அதில் வேகம் மிச்சம் இருக்கக் கூடாது. ராணுவ ரைபிள் குண்டு பெரும்பாலும் இரண்டு சுவரையும் கிழித்துக்கொண்டு உடம்பைவிட்டே போய்விடும். சிறிய கைத்துப்பாக்கிக் குண்டு, ஏர்கன் ரவை, சிதறு குண்டு, பிறகு நம் ஊர் பால்ரஸ், இவைதான் குழாய்க்குள் சிக்குகிறவை. உருண்டை வடிவம் காற்றிலேயே வேகத்தை விரைவாக இழக்கும். தோல், விலா எலும்பு, தசை எல்லாவற்றையும் கடந்து வரும்போது மிச்சமிருப்பது ஒரு சுவருக்கு மட்டும் போதுமான வேகமாக இருந்துவிடலாம். நுழைந்த ஓட்டை சிறியதாக இருந்தால் சுற்றியுள்ள திசுவும் உறைந்த ரத்தமும் அதைத் தற்காலிகமாக அடைத்துக்கொள்ளும். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியில் ஓட்டை விழுந்த ஒருவர் ஆஸ்பத்திரி வாசல்வரை உயிரோடு வந்துசேர்வது அப்படித்தான்.

உள்ளே விழுந்தபின் குண்டுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, ரத்தம் போகிற வழியில் போகும். இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. இதயத்தின் இடது பக்கத்திலோ பெருந்தமனியிலோ குண்டு விழுந்தால் அந்த ஓட்டம் அதை அடித்துக்கொண்டு கீழே போகும். தொப்புள் மட்டத்தில் பெருந்தமனி இரண்டாகப் பிரிகிறது. இடது கிளை நேர்போக்கில் இறங்குகிறது, வலது கிளை சற்று அதிகமாகத் திரும்புகிறது. அதனால் இடது காலுக்குப் போகும் குண்டுகளே அதிகம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும், நான் பார்த்த சிலவும் அப்படியே. பிறகு குழாய் தன் அளவுக்குச் சுருங்கும் இடத்தில் குண்டு நின்றுவிடும். சைக்கிளின் பின்சக்கரத்தில் போடும் பால்ரஸ் உருண்டை 6 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். வளர்ந்த ஆணின் தொடைத் தமனி இடுப்பு மடிப்பில் ஒரு சென்டிமீட்டருக்குப் பக்கம் இருக்கும், முழங்காலை நெருங்கும்போது 6, 7 மில்லிமீட்டராகச் சிறுத்துவிடும். நீங்கள் சொல்லும் இடத்தில் அது நின்றது கணக்குக்கு ஒத்துத்தான் வருகிறது.

இந்தச் சங்கதி மருத்துவ ஏட்டில் முதலில் ஏறியதும் ஒரு நாட்டுத் துப்பாக்கியால்தான் என்பது வேடிக்கை. இங்கிலாந்தில் பத்து வயதுப் பையன் ஒருவன், ரொட்டி வாட்டும் கம்பியின் குழாய்ப் பிடியைக் கொண்டு தானே ஒரு துப்பாக்கி செய்து வெடித்தான். பின்பக்கத்தை அடைத்திருந்த மரக்கட்டை பின்னோக்கித் தெறித்து அவன் நெஞ்சில் பாய்ந்தது. ஐந்து வாரம் உயிரோடிருந்து இறந்தான். உடலை அறுத்துப் பார்த்தபோது சுமார் மூன்று அங்குல மரத்துண்டு இதயத்தின் வலது கீழறைக்குள் கிடந்தது. உடம்பிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெருஞ்சிரை வழியே ரத்தம் அதை அங்கே கொண்டுபோயிருக்க வேண்டும் என்ற முடிவோடு தாமஸ் டேவிஸ் என்ற மருத்துவர் 1834-இல் அதைப் பதிவுசெய்தார். எவ்வளவு அபூர்வம் என்பதற்கு வியட்நாம் போர்க் கணக்கு இருக்கிறது. அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் நார்மன் ரிச்சும் குழுவினரும் 1978-இல் வெளியிட்ட கட்டுரையில் 7,500 பேரின் பதிவுகளில் 22 பேருக்குத்தான் இப்படிக் குண்டோ வெடிச்சில்லோ ஓடியிருந்தது. நூற்றுக்கு 0.3. ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் ஒன்றுகூடப் பார்க்காமல் ஓய்வுபெறலாம். அதனால்தான் இது தவறவிடப்படுகிறது.

தவறவிடாமல் இருக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு எல்.கே.ஜி. கணக்கு. உடம்பில் உள்ள ஓட்டைகளை எண்ணு, படத்தில் தெரியும் குண்டுகளை எண்ணு, இரண்டையும் கூட்டு. இரட்டைப்படை வர வேண்டும். உள்ளே போன ஒவ்வொரு குண்டும் வெளியேறி இன்னொரு ஓட்டை போட்டிருக்க வேண்டும், அல்லது உள்ளேயே இருக்க வேண்டும். ஒற்றைப்படை வந்தால் ஏதோ இடிக்கிறது: ஓர் ஓட்டையைப் பார்க்காமல் விட்டிருக்கிறோம், குண்டு உடைந்திருக்கிறது, பழைய குண்டு ஒன்று ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கிறது, அல்லது குண்டு ஊர்விட்டு ஊர் போயிருக்கிறது. பணிக்கு வந்த புதிதில் ஓர் இரவு, முதுகில் இடப்பக்கம் ஒரே ஓட்டையுடன் இளைஞன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். ஓட்டையின் மேல் அலுவலக மேசையிலிருந்து எடுத்த ஜெம் கிளிப்பைப் பிளாஸ்டரால் ஒட்டி எக்ஸ்ரே எடுத்தோம், நுழைந்த இடம் படத்தில் தெரிவதற்காக. நெஞ்சுப் படத்தில் கிளிப் இருந்தது, குண்டு இல்லை. வயிற்றுப் படத்திலும் இல்லை. சட்டை மடிப்பில் விழுந்திருக்கும் என்று ஒருவர், பட்டது குண்டே இல்லை கம்பி என்று இன்னொருவர். காலுக்குப் போர்வை இழுத்துவிடப் போன நர்ஸ்தான், "டாக்டர், இந்தக் கால் மட்டும் ஜில்லென்று இருக்கிறது" என்றார். பாதத்தில் நாடி இல்லை. தொடைக்குப் படம் எடுத்தால், எலும்புக்குப் பக்கத்தில் வெள்ளையாக, அழகாக, வட்டமாக ஒரு புள்ளி. அன்றிலிருந்து கணக்கு ஒத்துவராதபோது கழுத்து முதல் கணுக்கால் வரை படம் எடுக்காமல் நான் நகர்ந்ததில்லை.

உங்கள் சித்தப்பாவுக்கு ஏன் மறுநாள்வரை ஆனது? இரண்டு சாத்தியம். நெஞ்சில் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது யாரும் காலைத் திறக்கமாட்டார்கள், முதலில் மூச்சும் ரத்தமும். ரத்தம் இழந்து அதிர்ச்சியில் இருப்பவருக்கு இரண்டு காலுமே ஜில்லென்றுதான் இருக்கும், நாடியும் மெலிந்திருக்கும். ரத்தம் ஏற்றி, உடம்பு சூடானபின் ஒரு கால் மட்டும் தேறாமல் இருக்கும்போதுதான் சந்தேகம் வரும். இது நியாயமான தாமதம். இன்னொன்று, யாரும் பாத நாடியைத் தொட்டே பார்க்காமல் விட்ட தாமதம். இரண்டில் எது என்று கேஸ் ஷீட்டைப் பார்த்தால்தான் தெரியும். ரத்தம் அடியோடு நின்றுபோன காலில் ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குப் பின் தசை சாகத் தொடங்கும். ஆனால் பக்கக் கிளைகள் வழியே கொஞ்சம் ரத்தம் போய்க்கொண்டிருந்தால் கால் அதைவிட அதிக நேரம் தாங்கும். கால் பிழைத்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் அவருக்கு அந்தப் பக்கக் கிளைகள் கைகொடுத்திருக்க வேண்டும்.

தமனிக்குள் நிற்கும் குண்டைப் பற்றி மருத்துவர்களிடையே பெரிய வாதம் கிடையாது. அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்துவிடுவதே வழக்கம், ஏனென்றால் அது குழாயை இன்றில்லாவிட்டாலும் நாளை அடைக்கும், சுவரை அரிக்கும். விரலுக்குத் தட்டுப்படும் இடத்தில் இருந்தால் குண்டுக்கு மேலும் கீழும் தமனியைக் கட்டுப்படுத்திக்கொண்டு நேராக அதன்மேல் கீறி எடுப்பதையே நான் விரும்புவேன். 1963-இல் தாமஸ் ஃபோகார்ட்டி அறிமுகப்படுத்திய பலூன் கத்தீட்டரை அடைப்புக்கு அப்பால் நுழைத்து, பலூனை ஊதி, உருவி இழுக்கும் முறையும் உண்டு. ரத்தக்கட்டிக்கு அது அருமையான கருவி. நெளிந்து பிசிறு தட்டிய ஈயக் குண்டை அப்படி இழுத்தால் தமனியின் உள்தோலை அரிவாள்மணை போலச் சீவிவிடும். ஆகவே குண்டை நேராக எடுத்துவிட்டு, அதற்கு மேலும் கீழும் உறைந்திருக்கும் ரத்தத்தை மட்டும் பலூனால் துடைத்தெடுப்போம். ரத்தம் திரும்பியபின் கெண்டைக்கால் தசை வீங்கித் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். அதற்காக நீளமாகக் கீறித் தசை உறையைத் திறந்துவிடுவதும் உண்டு. உங்கள் சித்தப்பாவின் கணுக்காலுக்கு மேல் இரண்டு பக்கமும் நீண்ட தையல் இருந்தால் பயப்படாதீர்கள், காலைக் காப்பாற்றப் போட்டது அது.

இனி நுரையீரலில் இருப்பது. இங்கேதான் உறுதியானதும் உறுதியில்லாததும் கலக்கின்றன. அந்தக் குண்டு நெஞ்சுச் சுவரைத் துளைத்து நேராக நுரையீரல் திசுவில் போய்த் தங்கியிருக்கலாம். அப்படியானால் அது பயணமே செய்யவில்லை, சும்மா விடுவது பெரும்பாலும் சரி. அல்லது மேல்வயிற்றில் பாய்ந்த குண்டுகளில் ஒன்று கல்லீரல் பக்கத்துப் பெருஞ்சிரையில் விழுந்து, இதயத்தின் வலது பக்கம் போய், அங்கிருந்து நுரையீரல் தமனியின் ஒரு கிளையில் சிக்கியிருக்கலாம். எது என்பதை மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். அதுகூட உலோகத்தைச் சுற்றி நட்சத்திரம் போலக் கோடுகள் விழுந்து சில நேரம் குழப்பும். எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

தமனிப் பயணத்துக்கும் சிரைப் பயணத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தமனியில் ஓட்டம் வேகம், குண்டு போய்ச் சிக்கியதும் கதை முடிந்தது. சிரையில் ஓட்டம் மெது, குழாய் அகலம், குண்டு கனம். எஃகு ரத்தத்தைப் போல ஏழு மடங்குக்கும் மேல் அடர்த்தி, ஈயம் பத்து மடங்குக்கும் மேல். அதனால் ஆள் எழுந்து உட்கார்ந்தால் குண்டு ரத்த ஓட்டத்துக்கு எதிராகவே கீழே இறங்கிவிடலாம். இதயத்திலிருந்து பெருஞ்சிரைக்கு, அங்கிருந்து கல்லீரல் சிரைக்கோ இடுப்புச் சிரைக்கோ. பயிற்சிக் காலத்தில் நான் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் இதைக் கண்ணால் பார்த்தேன். வலது கீழறையில் குண்டு, மாலை நான்கு மணிப் படத்தில் தெளிவாக இருக்கிறது. இதயம் துடிப்பதால் அதன் ஓரம் மட்டும் மங்கலாக, கை ஆடி எடுத்த போட்டோ மாதிரி. இரவு நெஞ்சைத் திறந்தோம். மூத்தவர் இதயத்தை விரல்களால் தடவுகிறார், தடவுகிறார், குண்டு இல்லை. தியேட்டரில் யாரும் பேசவில்லை. சி-ஆர்ம் எக்ஸ்ரே இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது அது வலது இடுப்புக்குள் இருந்தது. வார்டிலிருந்து தள்ளுவண்டிக்கு, தள்ளுவண்டியிலிருந்து மேசைக்கு மாற்றிய கொஞ்ச நேரத்தில் இறங்கியிருக்கிறது. கத்தி வைப்பதற்கு முன், மேசையில் படுத்த நிலையில், இன்னொரு படம் எடுத்திருந்தால் அந்த மனிதருக்கு நெஞ்சில் தழும்பு இருந்திருக்காது. அவர் பிழைத்தார், எங்களை மன்னித்தாரா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

சிரைப்பக்கக் குண்டை எப்போது எடுப்பது என்பதில் கருத்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தில் பணியாற்றிய அமெரிக்க ராணுவ மருத்துவர் ட்வைட் ஹார்க்கன், இதயத்திலும் அதை ஒட்டிய பெருங்குழாய்களிலுமிருந்து 134 குண்டுகளையும் சில்லுகளையும் ஒரு நோயாளியையும் இழக்காமல் எடுத்தார். இதயத்தைத் தொட்டால் ஆள் போய்விடுவான் என்று நம்பிய காலம் அது, ஆபரேஷனின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலைசெய்யும் ஹார்ட்-லங் மெஷின் நடைமுறைக்கு வருவதற்கு முந்தையது. அதன்பின் நெடுங்காலம் எடுத்துவிடுவதே நல்லது என்ற பக்கம்தான் தராசு சாய்ந்திருந்தது. 1987-இல்கூட அமெரிக்க விபத்து மருத்துவக் குழு ஒன்று, சிரையில் ஓடிய குண்டு எதுவானாலும் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று எழுதியது. பிற்பாடு வந்தவர்கள் அவ்வளவு கறாராக இல்லை. இன்றைய நிலையை என் சொந்த அபிப்பிராயமும் கலந்து சொல்கிறேன். இதய அறைக்குள் கட்டில்லாமல் உருளும் குண்டை எடுக்க வேண்டும். இதயத்தின் இடது பக்கம் இருந்தால் கேள்வியே வேண்டாம், அடுத்த நிறுத்தம் மூளையாக இருக்கலாம். இதயத் தசையில் புதைந்து அசையாமல் இருப்பதைப் பல நேரம் விடலாம். நுரையீரல் தமனியின் சிறு கிளையில் சிக்கி, இருமலோ மூச்சுத்திணறலோ காய்ச்சலோ இல்லாதிருந்தால் விட்டுவிட்டுக் கண்காணிப்பது இன்று பலர் ஏற்கும் வழி. நுரையீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருவதால், ஒரு சிறு கிளை அடைபட்டாலும் அந்தப் பகுதி பெரும்பாலும் சாவதில்லை. காலுக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான்.

நெஞ்சைத் திறக்காமலே தொடைச் சிரை வழியாகக் கம்பிச் சுருக்கு அனுப்பிக் குண்டைப் பிடித்து இழுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். செய்கிறார்கள், நானும் அருகில் நின்றிருக்கிறேன். நீளமான குண்டு சுருக்கில் மாட்டும். பால்ரஸ் வழுவழுப்பான உருண்டை, நுங்குச் சுளையைக் கயிற்றால் கட்டுவது போல நழுவிக்கொண்டே போகும். கூடை போல விரியும் கருவி தேவைப்படும். பிடித்தபின் அதை வெளியே எடுக்கும் குழல் போதுமான அகலம் இல்லையென்றால் இடுப்பு மடிப்பில் சிறிதாகக் கீறிச் சிரையைத் திறந்துதான் வெளியே கொண்டுவர வேண்டும். நுரையீரலின் ஓரத்துக்குப் போய்விட்ட குண்டைத் துரத்தும்போது அது இன்னும் உள்ளே தள்ளப்படுவதும் உண்டு. தொந்தரவு தராத ஒன்றுக்காக இவ்வளவும் தேவையா என்று அந்த மருத்துவர்கள் யோசித்திருந்தால் அதை நான் குறைசொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தார்களா? பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத்தின் இரு மேலறைகளுக்கும் நடுவே, கருவில் இருந்த சிறு வழி முழுதாக மூடாமல் இருக்கும். வாழ்நாள் முழுவதும் தெரியாமலே போகும். ஆனால் சிரையில் வந்த சிறு ரவை அந்த வழியாக இடது பக்கம் தாவினால் கால், குடல், மூளை எங்கும் போகலாம். எக்கோ பார்த்தால் இதய அறைகளில் வேறு குண்டு இல்லை என்பதும் உறுதியாகும். அதற்கு மேல், எத்தனை ஓட்டை, எத்தனை குண்டு என்ற கணக்கு அவருக்கு ஒத்துவந்ததா என்றும் கேளுங்கள். பால்ரஸ் போட்ட துப்பாக்கியில் பல உருண்டை இருக்கும், ஒன்றிரண்டு கணக்கில் விடுபடுவது எளிது.

மறைக்கிறார்களா என்ற சந்தேகத்துக்கு வருகிறேன். எடுத்த குண்டை உங்கள் கண்ணில் காட்டவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அது சட்டப்படி சரி. துப்பாக்கிக் காயம் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய வழக்கு, எடுத்த குண்டு தடயப் பொருள், அதைச் சீல் வைத்துப் போலீசிடம்தான் கொடுக்க வேண்டும். குடும்பத்திடம் கொடுத்திருந்தால்தான் தவறு. ஆனால் சிகிச்சைக் குறிப்புகள் உங்கள் உரிமை. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். சண்டையாகக் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். ஆபரேஷன் குறிப்பு, எல்லா எக்ஸ்ரே படங்கள், கால் நாடியை எந்த நேரத்தில் யார் பார்த்தார்கள் என்ற பதிவு ஆகிய மூன்றும் வந்தால் ஊரில் உள்ள வேறொரு மருத்துவரே அரை மணியில் உங்களுக்கு விளக்கிவிடுவார்.

சித்தப்பா வீட்டுக்கு வந்தபின் இருமலில் ரத்தம், விடாத காய்ச்சல், புதிதாக நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், கைகால் இழுத்துக்கொள்வது, இவற்றில் எது வந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவர் சொன்ன தேதியில் நெஞ்சுப் படம் எடுத்து, முதல் நாள் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குண்டு அதே இடத்தில் இருக்கிறதா என்பதுதான் அதில் பார்க்க வேண்டியது. ஈய விஷம் ஏறுமோ என்ற பயம் இங்கே வேண்டாம், பால்ரஸ் எஃகு. ஆனால் எஃகு என்பதாலேயே இன்னொரு ஆபத்து இருக்கிறது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் ஈயத்தை இழுக்காது, எஃகை இழுக்கும். பத்து வருடம் கழித்து முதுகுவலிக்கு எவராவது எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தால், உள்ளே போவதற்கு முன் அவர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மறந்துபோகும். ஒரு சீட்டில் "நுரையீரலில் எஃகுக் குண்டு இருக்கிறது" என்று எழுதி, ஆதார் அட்டையோடு சேர்த்து அவர் பர்சில் வைத்துவிடுங்கள்.